பவதாரிணிக்காக எடுத்த வண்டி

வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு டூர் போக வேண்டும் என்று பவதாரிணி ஆடி மாதத்தில் கேட்டாள். அவள் அப்பா பாண்டிராஜ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா சரண்யாதேவியோடு மதுரை அண்ணா நகரில் தாய்மாமன் வீட்டு மாடியில் இருந்தாள். பாண்டிராஜ் விளாங்குடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தான். வேலை சமயநல்லூரில் ஒரு பிளைவுட் குடோனில். புருசனும் பெண்டாட்டியும் எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேராலும் பளிச்சென்று ஒன்றைச் சொல்ல முடியாது. அவன் வைத்திருந்த செல்போன் கடை படுத்தது. கடையை மூடிய பிறகு அவன் வீட்டில் பேசுவதை நிறுத்தினான். கொஞ்ச காலத்தில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பிறகு ஒருநாள் அவளுடைய அண்ணன் அருண்பாண்டி கார் எடுத்து வந்து தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மகள் அப்பாவோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவன் மற்ற நாட்களை ஓட்டினான். ஆனால் அது வந்து நின்றால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. அந்த ஒற்றை அறையில் மகளை உட்கார வைக்க வெட்கம். மாலுக்குக் கூட்டிப்போவான், நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள், சினிமா பார்ப்பார்கள், பரோட்டா சாப்பிடுவார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் பேச்சு வற்றிவிடும். அவள் அவனுடைய போனை வாங்கி வீடியோ பார்க்க ஆரம்பிப்பாள். அப்படிப் பார்த்த ஒரு வீடியோவைத்தான் அவனிடம் நீட்டினாள். அவள் வகுப்பில் படிக்கிற ஒருத்தியின் குடும்பம் கேரளாவுக்கு ஒரு பெரிய வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை.

"வீடு மாதிரியே இருக்குல்லப்பா? ஆனா வீடு நகருது" என்றாள்.

அந்த மாதிரி வேனுக்கு வாடகை கேட்டு இரண்டு இடத்துக்குப் போன் போட்டான். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு மூன்றாவது இடத்துக்குப் போடவில்லை. பிறகுதான் சோணைமுத்து ஞாபகம் வந்தது. கிராமத்துக் கடைகளுக்கு பன், ரஸ்க், வர்க்கி போடுகிறவன். பின்னால் பெட்டி மாதிரி தகரம் அடைத்த சின்ன லோடு வண்டி வைத்திருந்தான்.

"என்னண்ணே, வீடு மாத்துறீகளா?"

"இல்லப்பா. பாப்பாவ டூர் கூட்டிட்டுப் போகணும்."

சோணைமுத்து வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "இதுலயா? சரி, சனி ஞாயிறு சும்மாதான் நிக்குது, எடுத்துக்கோங்க. ஓடுறப்ப பிள்ளைய முன்னாடி உக்கார வைங்க. பின்னாடி ஆள் ஏத்துனா போலீஸ்காரன் விடமாட்டான்."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பாண்டிராஜ் வண்டியைக் கழுவினான். உள்ளே தகரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். ரஸ்க் வாசம் மட்டும் போகவில்லை. குடோனில் கழித்துப் போட்ட பிளைவுட் பலகையை அறுத்துத் தரையில் போட்டு, மேலே தன்னுடைய மெத்தையை விரித்தான். பின்கதவுக்கு ஊதாப்பூ போட்ட திரை கட்டினான். பேட்டரியில் எரிகிற சின்ன சீரியல் பல்புகளை மேலே ஒட்டினான். கேஸ் அடுப்பு ஒன்று, தண்ணீர் கேன், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்து பல்பைப் போட்டுப் பார்த்தான். செல்போன் கடை திறப்பதற்கு முந்தின நாள் கடைக்குள் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் அண்ணா நகரில் வண்டியை நிறுத்தியபோது சரண்யா மாடிப்படியில் இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன இது, லோடு வண்டி?"

"சோணைமுத்துது. பைக்ல அம்புட்டு தூரம் பிள்ளைய வச்சுக்கிட்டுப் போக வேணாம்னு…"

"எம்புட்டு தூரம்? எங்க போறீங்க?"

"பேரையூர் பக்கம். பிரெண்டு தோட்டம். வீடெல்லாம் இருக்கு. பாத்ரூம்லாம் இருக்கு."

சொல்லிவிட்டு அவன் மகளைப் பார்த்தான். அவளுக்கு உண்மை தெரியும். போனிலேயே சொல்லி வைத்திருந்தான். பவதாரிணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரம்" என்றாள் சரண்யா. மகளிடம் சொன்னாளா அவனிடம் சொன்னாளா தெரியவில்லை.

திருமங்கலம் தாண்டி ஒரு இடத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். "லோடு என்ன?" என்று கேட்டு, பின்கதவைத் திறக்கச் சொன்னார். திரையையும் பல்பையும் மெத்தையையும் பார்த்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"லோடு இல்ல சார். நானும் என் மகளும் டூர் போறோம்."

போலீஸ்காரர் முன்னால் வந்து ஜன்னல் வழியே குனிந்தார். "பாப்பா, இவரு யாரு?"

"எங்க அப்பா."

"அப்பா பேரு?"

"பாண்டிராஜ்."

"சரி, போங்க" என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கல்லுப்பட்டி வரைக்கும் பாண்டிராஜ் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். அவர் மேல் கோபமில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். ஆனாலும் மகளை வைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது உள்ளே எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

பேரையூரைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற சாலையில், ஒரு கம்மாய்க்கரைக்குக் கீழே வண்டியை ஓரம் கட்டினான். பிளைவுட் இறக்க வரும்போது பார்த்து வைத்த இடம். கம்மாயில் பாதித் தண்ணீர். மேற்கே மலை நீலமாகக் கிடந்தது. சுற்றிலும் கருவேலம், அதற்கு அப்பால் கிணற்றுப் பாசனத்தில் யாரோ போட்டிருந்த மக்காச்சோளம். ஒரு பக்கம் பனைகள்.

பின்கதவைத் திறந்து பல்பைப் போட்டான். வெயிலில் அவை எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பவதாரிணி ஏறி உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாள்.

"பிஸ்கட் டப்பாக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குப்பா" என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான். அந்தப் பயணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் தகரம் கொதிக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்க முடியவில்லை. வெளியே கருவேல நிழல் சல்லடை மாதிரி. அவன் நூடுல்ஸ் கிண்டினான். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. முட்டை ஒன்று உடைத்துப் போடப் போனபோது, "புரட்டாசிப்பா, அம்மா திட்டும்" என்றாள். சரியென்று எடுத்து வைத்தான். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன்மா, நல்லால்லயா?"

"வயிறு ஒரு மாதிரி வலிக்குது."

"கல்லுப்பட்டியில அந்த வடையைத் தின்னது. சோடா வாங்கியாரவா?"

"வேணாம்." பிறகு தயங்கி, "பாத்ரூம் எங்கப்பா போறது?" என்றாள்.

அவன் அதை யோசித்திருந்தான். யோசித்ததாகத்தான் நினைத்திருந்தான். இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் ஒரு போர்வையைக் கட்டிக் காட்டினான். அவள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தூரத்தில் சாலையில் ஒரு பஸ் போனது. அதில் இருக்கிறவர்கள் எல்லாம் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது மாதிரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இல்லப்பா. எனக்கு வரல."

சாயங்காலம் வரைக்கும் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். கம்மாய்க்குப் போய் மீன் பார்க்கலாம் என்று கூப்பிட்டான், வரவில்லை. மயில் பார் என்றான், தலையைத் தூக்கவில்லை. மேற்கே மேகம் கட்டியது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அந்தப் பல்புகள் அழகாக எரிந்தன. "இப்பப் பாரும்மா" என்று ஆசையாகக் கூப்பிட்டான்.

"அப்பா, வீட்டுக்குப் போலாமா?"

அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. "உனக்காகத்தான இம்புட்டும் பண்ணேன்! நீதான கேட்ட? ஒரு நாள் என் கூட இருக்க உனக்கு அம்புட்டு கஷ்டமா இருக்கா?"

அவள் கண் நிறைந்து வழிந்தது. சத்தம் போட்டு அழவில்லை. மழை விழுந்தது, அவன் அடுப்பையும் ஸ்டூலையும் தூக்கி முன்சீட்டில் போட்டான். அவள் திரையை இழுத்துவிட்டு உள்ளே படுத்துக்கொண்டாள். அவளோடு போய்ப் படுக்க அவனுக்கு மனம் கூசியது. முன்சீட்டிலேயே காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், மழை விட்டிருந்தால் கம்மாயைப் பார்க்கக் கூட்டிப்போகலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் போனான். கதவு உள்ளிருந்து இழுத்துச் சாத்தியிருந்தது.

"பாப்பா, டீ."

மறுபடி கூப்பிட்டான். கதவில் கை வைத்தான்.

"வராதீங்கப்பா!" அந்தக் குரலைக் கேட்டதும் அவன் டீயைக் கீழே வைத்தான்.

"என்னம்மா? பூச்சி கீச்சி கடிச்சிருச்சா? கதவத் தொற."

"வராதீங்க. தொறக்காதீங்க." அழுகை. "அம்மாவுக்குப் போன் போடுங்க."

"என்னன்னு சொன்னாத்தானம்மா…"

"அம்மா வரணும்ப்பா."

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. நேற்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை என்ன சொல்லித் திட்டினோம் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வந்தது.  கதவுக்கு வெளியே அப்படியே நின்றான். கதவைத் திறந்து பிள்ளையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. ஆனால் அது கூடாது என்று மட்டும் தெரிந்தது. ஏன் கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"பயப்படாதம்மா. ஒன்னுமில்ல. நல்ல விசயந்தான். இந்தா, இப்பப் போடுறேன்" என்று போனை எடுத்தான். சிக்னல் இல்லை. கம்மாய்க்கரை மேல் ஏறினான். செம்மண் மழையில் ஊறி வழுக்கியது. உச்சியில் ஒரே ஒரு கோடு வந்தது.

சரண்யா எடுத்த உடனே, "என்னாச்சு?" என்றாள்.

"பாப்பா… பெரிய மனுஷி ஆயிட்டா போல இருக்கு."

 "அங்க பொம்பளையாளுக யாரு இருக்கா? உங்க பிரெண்டு வீட்டம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

"சரண்யா… வீடு இல்ல."

"என்னது?"

"தோட்டமும் இல்ல. கம்மாய்க்கரை. வண்டியிலதான் தங்குனோம். அவ வண்டிக்குள்ளதான் இருக்கா."

 அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவளத் தனியா விட்டுட்டா பேசுறீங்க?"

"சிக்னல் இல்ல, கரை மேல ஏறி…"

"கீழ இறங்குங்க. பக்கத்துல யாராச்சும் பொம்பளையத் தேடிக் கூட்டியாங்க. எந்த இடம்னு அண்ணனுக்கு அனுப்புங்க. நான் வாரேன்."

இடத்தை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது சோளக்காட்டுக்குள் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. மயில் விரட்டுகிறவர்கள். வரப்பில் ஓடினான். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். புதிய ஆள் ஓடி வருவதைப் பார்த்துக் கையில் இருந்த கம்பை இறுக்கிப் பிடித்தாள். அவன் திக்கித் திணறிச் சொன்னதும் கம்பைக் கீழே போட்டாள்.

"நேத்தே பாத்தேன், என்னடா வண்டி நிக்குதுன்னு. வயசுப் பிள்ளைய இங்கனக்குள்ளயாய்யா கொண்டாந்து படுக்க வைப்ப? பாம்பும் பன்னியும் திரியிற எடம்." அவள் பேர் ஒச்சாயி. திட்டிக்கொண்டே அவனுக்கு முன்னால் நடந்தாள்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கை காட்டினாள். "நீ அங்கனயே நில்லு. மொத மொத ஆம்பளை முகத்துல முழிக்கக்கூடாது. அப்பனா இருந்தாலும் ஆம்பளைதான?"

பிறகு கதவைத் தட்டி, "ஏ தாயி, நான் அத்தை வந்திருக்கேன். கதவத் தொற ஆத்தா" என்றாள். அவனுக்குத் திறக்காத கதவு, முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணுக்குத் திறந்தது.

கடைக்குப் போய் வர வேண்டும் என்று உள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னாள் ஒச்சாயி. வண்டியை எடுக்க முடியாது. சாலைக்கு வந்து நடையும் ஓட்டமுமாக ஊருக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மளிகைக் கடைதான் திறந்திருந்தது. கடைக்காரர் அவன் கேட்டதை எடுத்து, பேப்பரில் சுற்றி, மேலே கறுப்புப் பையையும் போட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு நீட்டினார். சரண்யாவுக்கு ஒரு தடவைகூட இதை வாங்கிக் கொடுத்ததில்லை என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டான். என்னவெல்லாம் செய்ததில்லை என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்தச் சாலை போதாது.

ஒச்சாயி பாதி வழியிலேயே வந்து பையை வாங்கிக்கொண்டாள். பிறகு காட்டில் மயில் இறங்கிவிட்டது என்று, "இந்தா வந்துர்றேன். நீ கிட்ட போகாத, அங்கிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் வண்டியின் பக்கவாட்டில் போய், சக்கரத்தில் சாய்ந்து ஈர மண்ணில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் தகரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள்.

"அப்பா?"

"இங்கதாம்மா இருக்கேன்."

"ஸ்கூல்ல மிஸ் சொல்லிக்குடுத்திருக்காங்க. எனக்குத் தெரியும்தான். ஆனா பயந்துட்டேன்."

"பயந்தா என்னம்மா. யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாக."

கொஞ்ச நேரம் கழித்து, "மெத்தை வீணாப் போச்சுப்பா" என்றாள்.

"கழுவிக்கலாம்."

"சாரிப்பா. உங்க டூர் கெட்டுப்போச்சு."

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "நான்தாம்மா சாரி" என்றான். "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. உனக்கு உடம்புக்கு முடியலன்னு எனக்குப் புரியல பாப்பா."

"பரவால்லப்பா." பிறகு, மிகவும் மெதுவாக, "இனிமே நான் உங்க கூட வரலாமாப்பா?"

"ஏம்மா வரக்கூடாது? கண்டிப்பா வரலாம்" என்றான். அதைச் சொன்னபோது அவன் அதை நம்பினான்.

அருண்பாண்டியின் கார் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் சரண்யா இறங்கினாள். அவளோடு அருண்பாண்டியின் மனைவி முனீஸ்வரி, கையில் ஒரு தூக்குவாளியும் புதுத் துண்டும். இரண்டு பேரும் அவனைத் தாண்டி நேராக வண்டிக்குள் போனார்கள். உள்ளே அம்மாவும் மகளும் அழுகிற சத்தம் கேட்டது.

அருண்பாண்டி காரிலேயே சாய்ந்து நின்றான். பிரிந்த பிறகும் அவன் பாண்டிராஜை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"ராத்திரி எவனாச்சும் குடிச்சிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பாண்டிராஜ் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான்.

"கேட்டிருந்தா நான் ரூம் போட்டுத் தந்திருக்க மாட்டேனா? அழகர்கோவில் பக்கம் எனக்குத் தெரிஞ்ச லாட்ஜ் இருக்கு." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் பேசினான். அதுதான் பாண்டிராஜுக்குத் தாங்க முடியவில்லை.

முனீஸ்வரி வந்து, "அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கோங்க" என்றாள். அவன் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பின்னால் செருப்புச் சத்தம், சேற்றில் வழுக்கி ஒரு "ம்மா", கார்க்கதவு. மகள் தன்னைப் பார்த்தாளா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

சரண்யா மட்டும் பையை எடுக்கத் திரும்பி வந்தாள். பையை எடுத்தவள் கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே நின்றாள். ஊதாப்பூ திரையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"இம்புட்டும் நீங்களா பண்ணீங்க?"

"ஆமா."

"இதெல்லாம் பண்ணத் தெரிஞ்சிருக்கு. பொம்பளப் பிள்ளைக்கு ஒரு பாத்ரூம் வேணுமேன்னு தோணலையே உங்களுக்கு." அவள் குரல் உயரவில்லை. "பொய் வேற. அவளையும் சேத்துல்ல பொய் சொல்ல வச்சிருக்கீங்க."

"அவ ஆசைப்பட்டா சரண்யா. நல்ல வண்டி எடுக்க என்னால…"

"முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல? அவகிட்ட. இல்ல என்கிட்ட. என்னைக்காச்சும் ஒரு நாள் வாயத் தொறந்து முடியலன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவள் போய்விட்டாள். ஒச்சாயி வரப்பிலிருந்து இறங்கி வந்தபோது கார் சாலையில் ஏறிவிட்டிருந்தது. "தாய்மாமனா அது? நல்ல மனுசனாத் தெரியுறாரு" என்றாள். போர்வையை அவிழ்க்க அவனுக்கு உதவி செய்தாள்.

அன்று சாயங்காலமே வண்டியைக் கழுவிக் கொண்டுபோய் விட்டான். "டூர் எப்படிண்ணே?" என்றான் சோணைமுத்து. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

சடங்கு ஐப்பசியில். ஐயர் பங்களா பக்கம் ஒரு மண்டபம். வாசலில் ஆளுயர பிளெக்ஸ்; தாய்மாமன் சீர் வண்டியில் வந்து இறங்குகிற மாதிரி ஒரு படம், அருண்பாண்டியும் முனீஸ்வரியும் கைகூப்பி நிற்கிற படம். பத்திரிகையில் தந்தை என்று பாண்டிராஜின் பேரைப் போட்டிருந்தார்கள். போனில் அருண்பாண்டி, "பேரு போட்டிருக்கோம். யாரும் உங்கள இல்லன்னு சொல்லல. வந்து பிள்ளைய வாழ்த்திட்டுச் சாப்பிட்டுப் போங்க. மேடையில மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிர்றோம்" என்று சொல்லியிருந்தான்.

அவன் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். மேளம் காதைப் பிளந்தது. மேடையில் பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியும் கனத்த மாலையுமாக உட்கார்ந்திருந்தவள் யாரோ கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிச் சந்தனம் பூசி, நின்று, போட்டோ எடுத்து இறங்கினார்கள். அவனும் வரிசையில் நின்றான். சட்டைப் பையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

மேடை ஏறினான். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், மறைக்கிறீங்க. பொண்ணுக்கு என்ன வேணும் நீங்க? சொந்தம்னா அந்த ஓரத்துல நில்லுங்க" என்றார்.

பாண்டிராஜ் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"எங்க அப்பா" என்றாள் பவதாரிணி. மேளத்தில் அது போட்டோக்காரருக்குக் கேட்கவில்லை. அவள் மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இன்னும் சத்தமாக, "அண்ணே, அவரு எங்க அப்பா" என்றாள். மேடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரண்யா எதுவும் சொல்லாமல் ஒரு எட்டு தள்ளி நின்று இடம் விட்டாள். போட்டோ எடுத்தார்கள். கொலுசை மகள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். அடுத்த ஆட்கள் பின்னாலேயே ஏறிவிட்டார்கள்.

கார்த்திகையில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. ராத்திரி தங்குவதை நிறுத்த வேண்டும் என்று சரண்யா மனுப் போட்டிருந்தாள். சமரசம் பேசுகிற அறையில் ஒரு அம்மா அவனிடம், "நீங்க எதிர்த்துப் பேசலாம். உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். அவன் எதிரே உட்கார்ந்திருந்த சரண்யாவைப் பார்த்தான். அவளும் தூங்கிப் பல நாள் ஆன மாதிரிதான் இருந்தாள்.

"என் ரூம்ல தனி பாத்ரூம் இல்ல மேடம். அஞ்சு வீட்டுக்குப் பொதுவா ஒன்னுதான். வேற வீடு பாக்க இப்ப என்னால முடியாது" என்றான். சரண்யா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.  காட்டிய இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. மார்கழி ஞாயிறு ஒன்றில் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பட்டாவைச் சரிசெய்தபடி பவதாரிணி அவனுக்கும் தனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று வைக்கவில்லை, கை அப்படிப் பழகியிருந்தது. அரைப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்றாள். கடலை வாங்கிக் கொடுத்தான். பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

"அடுத்த மாசம் வர முடியாதுப்பா. ஞாயித்துக்கிழமை டியூசன் போட்டிருக்காங்க."

"அதுக்கென்னம்மா. நான் டியூசன் வாசல்ல வந்து பாத்துட்டுப் போறேன்."

அவள் யோசித்தாள். "வேணாம்ப்பா. பிரெண்ட்ஸ் இருப்பாங்க."

"சரிம்மா."

வெளியே சரண்யாவின் ஸ்கூட்டர் வந்து ஹாரன் அடித்தது. பவதாரிணி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "நீங்க சாப்பிட்டுப் போங்கப்பா, அப்படியே ரூமுக்குப் போயிராதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினான். ஸ்கூட்டர் சிக்னலைத் தாண்டுகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு விளாங்குடி பஸ்ஸுக்கு நடந்தான்.